தேங்காய்ப்பூவுக்குப் பிரெஞ்சில் என்ன?

பிள்ளையார் கோயிலில் நின்று, உலகச் சந்தையில் எண்ணெய் விலை விழவேண்டும் என்று நேர்த்தி வைத்த ஒரே தமிழன் நானாகத்தான் இருப்பேன். பீப்பாய் அறுபது டொலருக்குக் கீழே போனால் இருபத்தொரு தேங்காய் உடைப்பதாகச் சொன்னேன். கண்ணை மூடி, தலையில் மூன்று தரம் குட்டி, தோப்புக்கரணமும் போட்டுத்தான் சொன்னேன். வெளியே வந்து சப்பாத்துக்குள் காலை விடும்போதுதான் உறைத்தது. யாருடைய வியாபாரம் படுக்கவேண்டும் என்று நேர்ந்தேனோ அவனுடைய பெயர் ஐங்கரன். பிள்ளையாருக்கும் அதுதான் பெயர். ஆளிடமே போய் ஆளைப் பற்றி முறைப்பாடு வைத்திருக்கிறேன். எனக்கு விசர் பிடித்திருந்தது, வேறென்ன.

ஐங்கரன் என் சகலன். என் மனைவி இந்திராதேவியின் தங்கை தாட்சாயினியைக் கட்டியவன். என்னைவிட ஒன்பது வயது இளையவன். நகரத்துக்கு வெளியே, கார்ஜ் லே கொனெஸில் இருக்கிறான்.

என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். இந்தப் பிரெஞ்சுத் தலைநகரில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் இருபத்திரண்டு வருடமாகப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். ஆனால் கடைக்கார வாமதேவன் என்று கேட்டால் எங்கள் தமிழ்க்கடைகள் இருக்கிற லாச்சப்பலில் யாரும் வழி காட்டமாட்டார்கள். ‘பேப்பர் பாக்கிற வாமதேவன்’ என்று கேட்கவேண்டும். விசாக் கொடுக்கிற பிரெபெக்துரில் இருந்து கடிதம் வந்தாலும் சரி, வரிக் கந்தோரில் இருந்து வந்தாலும் சரி, உறையைக்கூடக் கிழிக்காமல் என்னிடம் கொண்டுவருவார்கள். நான் கண்ணாடியைப் போட்டு, ஒருதரம் மனதுக்குள் வாசித்து, "ம்" என்பேன். அந்த "ம்"முக்கும் நான் வாய் திறப்பதற்கும் இடையில் முன்னால் நிற்பவரின் முகத்தைப் பார்க்கவேண்டும். குடி இல்லை, சிகரெட் இல்லை, எனக்கு இருந்த ஒரே வெறி அதுதான். சதம் வாங்கமாட்டேன். "வாமண்ணைக்குத் தெரியாத பிரெஞ்சோ" என்று ஒரு சொல் சொன்னால் அன்றைக்கு முழுக்க எனக்குப் பசிக்காது.

ஐங்கரன் இங்கே வந்த புதிதில் இரண்டு வருடம் என் கடையில் நின்றான். சாக்குத் தூக்கினான், பொதி கட்டினான். பிறகு ஒரு பிரெஞ்சு உணவகத்துக் குசினிக்குப் போய்ப் பதினான்கு வருடம் அங்கேயே கிடந்தான். அவனுடைய பிரெஞ்சு குசினிப் பிரெஞ்சு. வினைச்சொல்லுக்குத் தலையும் இருக்காது, வாலும் இருக்காது. அவனுடைய கடிதங்களையும் நான்தான் பார்த்துக் கொடுப்பேன். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அந்தக் குசினியில் அவனோடு ஓர் அல்ஜீரியச் சமையல்காரன் வேலை செய்தான். தாட்சாயினி கட்டிக்கொடுத்த தேங்காய் ரொபி என்கிற இனிப்பை ஐங்கரன் அவனுக்குக் கொடுத்திருக்கிறான். அவன் அதில் நாலைத் தன் தமையனுக்குக் கொண்டுபோயிருக்கிறான். தமையன் பெயர் புவாலெம். ஓரான் நகரத்தில் பலகாரக் கடைகளுக்குச் சாமான் கொடுக்கிற மொத்த வியாபாரி. நோன்பு மாதம் வந்தால் அங்கே வீட்டுக்கு வீடு தேங்காய்ப்பூ போட்ட பலகாரம்தானாம். நல்ல தேங்காய்ப்பூ கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்த மனிதன்.

ஒருதரம் இங்கே வந்த அவரை முதலில் ஐங்கரன் என்னிடம்தான் கூட்டிவந்தான். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

"அண்ணை, இவருக்குத் தேங்காய்ப்பூ கொண்டெய்னர் கணக்கில வேணுமாம். உங்களுக்குத்தானே கொழும்பில ஆக்கள் இருக்கினம்."

புவாலெம் தடித்த மனிதர், நரைத்த மீசை. கடையைச் சுற்றிப் பார்த்தார். ஒரு தேங்காயை எடுத்துக் காதோடு வைத்து ஆட்டினார். எனக்கு எத்தனை பிள்ளைகள், அம்மா சுகமாக இருக்கிறாவா என்று கேட்டார். நான் அவருடைய கொம்பனிப் பதிவுப் பத்திரம் இருக்கிறதா, பாங்குக் கடிதம் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் சிரித்தார். மூலையில் கொதித்துக்கொண்டிருந்த கேத்திலைப் பார்த்தார். தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. பிள்ளையாரறிய, தோன்றவில்லை.

"எங்கள் நாட்டில் முதலில் ஆளைப் பார்ப்போம், பிறகுதான் பேப்பர்," என்றார் பிரெஞ்சில். "பேப்பர் மாறும். எண்ணெய் விலை ஏறினால் ஒரு சட்டம், இறங்கினால் இன்னொரு சட்டம். ஆள்தான் மாறாது."

சட்டம் நிலையாக இல்லாத இடத்தில் நான் வியாபாரம் செய்வதில்லை என்று சொன்னேன். நல்ல பிரெஞ்சில், இலக்கணம் பிசகாமல் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். எதிரே இருந்த தேத்தண்ணிக் கடையில் அவரும் ஐங்கரனும் இரண்டு மணித்தியாலம் இருந்தார்கள். எழும்பி வரும்போது பங்காளிகளாக வந்தார்கள்.

ஐங்கரன் குசினி வேலையை விட்டான். எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். ஆறு மாதத்தில் திரும்பிவந்து என் கடை வாசலில் நிற்பான், நானும் "ம்" என்று சொல்லி யோசிப்பேன் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

ஆனால் அவன் பின்னேரம் நாலரைக்குத் தேத்தண்ணிக் கடைக்கு வந்து அல்ஜீரியாவைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினான். சனம் அவனைச் சுற்றி நிற்கத் தொடங்கியது. அங்கே வெள்ளியும் சனியும்தான் லீவாம், வியாழன் பின்னேரத்துக்குப் பிறகு பாங்கில் ஈயைக்கூடக் காணமுடியாதாம். அவர்களுடைய காசு வெளிநாட்டில் செல்லாதாம், அதனால் ஒவ்வொரு சரக்குக்கும் பாங்கு முதலே விலைப்பட்டியலைப் பதிந்து அனுமதி கொடுக்கவேண்டுமாம். எல்லாம் எனக்குத் தெரிந்த சங்கதிகள் மாதிரித்தான் இருந்தன. என்னைத்தான் யாரும் கேட்கவில்லை.

"அங்கை எல்லாம் எண்ணெய்க் காசுதான்," என்பான் ஐங்கரன். "பீப்பாய் எழுபதுக்கு மேல நிண்டா அரசாங்கத்தின்ர கையில காசு புழங்கும், துறைமுகம் திறந்து கிடக்கும். விழுந்துதெண்டா லிஸ்ட் வரும். இது இறக்கக்கூடாது, அது இறக்கக்கூடாது எண்டு. தேங்காய்ப்பூ அவைக்குக் கோதம்பை மாதிரி இல்லைத்தானே. முதல் வெட்டு எங்களுக்குத்தான்."

"அப்ப இண்டைக்கு என்ன விலை தம்பி?" என்று கேட்பார் தவரத்தினம். ஸ்தேனில் இருக்கிற மனிதர், மாதத்துக்கு இரண்டு கடிதமாவது என்னிடம் கொண்டுவருகிறவர்.

"எழுபத்திமூண்டு."

"எழுபத்திமூண்டாம்!" என்று மற்றவர்களுக்கும் சொல்வார். கிரிக்கெட் ஸ்கோர் கேட்டதுபோல எல்லாருக்கும் ஒரு புளுகம். இவர்களில் ஒருவனுக்கும் அல்ஜீரியா எந்தப் பக்கம் என்று தெரியாது. எங்கள் சனத்துக்கு ஒருவன் எழும்பி நிற்கிறான் என்றால் போதும், பக்கத்தில் போய் நின்றுவிடும்.

நானும் கைத்தொலைபேசியில் பீப்பாய் விலை காட்டுகிற செயலியை இறக்கினேன். காலமை எழும்பியதும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். ஒரு டொலர் இறங்கினால் தேத்தண்ணி இனிக்கும். ஏறினால் இந்திராவோடு கொளுவுவேன். அவளும் சும்மா இருப்பாளா?

"தாட்சா சொல்றாள், ஓரானில கடல் நல்ல வடிவாம். வாற கோடைக்கு எல்லாருமாப் போகலாமாம்."

"எல்லாரும் எண்டா ஆர்?"

"நாங்களுந்தான்."

"என்னை ஆர் கேட்டது? எனக்குக் கடல் வேண்டாம்."

"ஏன் உப்பிடி எரிஞ்சு விழுறியள்? என்ர தங்கச்சி நல்லா இருந்தா உங்களுக்கென்ன?"

எரிச்சல்தான். பெயர் சொல்லத் தெரியாத வருத்தம் ஒன்றுமில்லை. கோயிலில் நேர்த்தி வைத்தது அந்தக் கிழமைதான்.

மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். கடையில் சனம் இல்லை. இந்திரா பின்பக்கம் கத்தரிக்காய்ப் பெட்டி பிரித்துக்கொண்டிருந்தாள். ஐங்கரன் பிளாஸ்டிக் உறைக்குள் விலைப்பட்டியல் தாள் ஒன்றோடு வந்தான்.

"அண்ணை, ஃபக்த்யூர். ஒருக்காப் பாத்துத் தாங்கோ. நாளைக்கு அங்கத்தைய பாங்குக்குப் போகுது. இதில என்ன பேர் கிடக்கோ அதுதான் கொண்டெய்னருக்குள்ளயும் இருக்கவேணும், இல்லையெண்டாத் துறைமுகத்தில பிடிச்சு வச்சிடுவாங்கள். வேலையையும் விட்டிட்டன். இது பிழைச்சா நான் முடிஞ்சன். உங்களிட்டக் காட்டாமல் அனுப்பப் பயமாக் கிடக்கு."

காட்டாமல் அனுப்பப் பயம் என்று சொன்னதும் எனக்கு உச்சி குளிர்ந்தது. கண்ணாடியைப் போட்டேன். "ம்" என்றேன். விலாசம் சரி. நிறை சரி. ஏற்றும் துறைமுகம் கொழும்பு, இறக்கும் துறைமுகம் ஓரான். அதற்குக் கீழே சரக்கின் பெயர். ஃப்ளேர் து கொக்கோ.

துருவிய தேங்காயை நாங்கள் தேங்காய்ப்பூ என்கிறோம். யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு அதற்குள் ஒரு பூ இருப்பது காதில் விழவே விழாது. புட்டுக்குப் போடுவது, சம்பலுக்கு இடிப்பது, அவ்வளவுதான். அந்தச் சொல்லை அப்படியே தூக்கிப் பிரெஞ்சில் வைத்தால் அது பாளையில் பூக்கிற பூவாகிவிடும். பிரெஞ்சுக்காரனுக்குத் துருவிய தேங்காய் என்றால் நுவா து கொக்கோ ராப்பே.

எனக்கு எப்படித் தெரியும்? அந்தப் பிழையை முதலில் விட்டவன் நான். கடை திறந்த காலத்தில் தேங்காய்ப்பூவை நானே பொதி கட்டி, ஃப்ளேர் து கொக்கோ என்று லேபல் அடித்து விற்றேன். ஐங்கரன் என்னோடு நின்ற இரண்டு வருடமும் அந்த லேபலை ஒட்டியவன் அவன்தான். அவன் குசினிக்குப் போன பிறகு ஆனைஸ் என்று ஒரு பிரெஞ்சுப் பெண், இயற்கை உணவுக் கடை வைத்திருப்பவள், நாற்பது பொதி வாங்கிப்போனாள். மூன்றாம் நாள் அத்தனையையும் திருப்பிக் கொண்டுவந்தாள். தென்னம்பூவில் இருந்து எடுக்கிற சீனி என்று நினைத்து வாங்கினாளாம். கடை நிறையச் சனம் நிற்க, ஒரு தாளில் தென்னைமரம் கீறி, பூ எது, காய் எது என்று எனக்குப் பாடம் எடுத்தாள். நல்ல காலம், நின்ற ஆட்களுக்கு அவள் பேசிய பிரெஞ்சு விளங்கவில்லை. நானும் இந்திராவும் இருந்த பொதி முழுவதற்கும் பழைய லேபலுக்கு மேல் புது லேபல் ஒட்டினோம். விரல் நுனியில் பசை காய்ந்து தோல் உரிந்தது. ஒருதருக்கும் சொல்லக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கினேன். அதற்குப் பிறகு நான் பொதி கட்டுவதையே விட்டுவிட்டேன். இப்போது இருப்பது உறைந்த தேங்காய்ப்பூ, படத்தைப் பார்த்து எடுத்துக்கொண்டு போவார்கள்.

ஐங்கரனுக்கு இது ஒன்றும் தெரியாது. நான் சொல்லிக்கொடுத்த சொல்லைப் பதினான்கு வருடம் பத்திரமாக வைத்திருந்து தன் முதல் ஃபக்த்யூரில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறான்.

சொல்லத்தான் வாய் திறந்தேன். "தம்பி, இந்தப் பேர்..." என்று தொடங்கியும்விட்டேன்.

அவனுக்குச் சந்தோசத்தில் கேட்கவில்லை. "அண்ணை, இது சரிவந்துதெண்டா மாசம் ஒரு கொண்டெய்னர். எனக்கு எழுத்து வேலைக்கு ஒரு ஆள் வேணும். நீங்கள் கடையைப் பூட்டிப்போட்டு என்னோட வந்திடுங்கோவன். மேசை கதிரை எல்லாம் போட்டுத் தாறன். ஏன் இந்த வயசில வாழைக்குலை தூக்கிக்கொண்டு?"

அன்பில்தான் சொன்னான். அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்ததால்தான் இன்னும் எரிந்தது. வேலை கேட்டு என் கடைக்கு வந்தபோது இவன் உட்கார நான் கொடுத்தது ஒரு முக்காலி. இப்போது இவன் எனக்குக் கதிரை போட்டுத் தருகிறானாம்! அவனுக்குக் கீழே, அவனுடைய ஃபக்த்யூர் எழுத!

"என்னண்ணை, என்னவோ சொல்ல வந்தனீங்கள்?"

"ஒண்டுமில்லை. எல்லாம் வடிவா இருக்கு."

"பேர் எல்லாம் சரிதானே?"

"சரி."

தாளை உறைக்குள் வைத்துக் கொடுத்தேன். இந்திரா தேத்தண்ணி கொண்டுவந்தாள். குடித்துவிட்டு, "அப்ப நான் வாறன் அண்ணை" என்று போனான்.

புதன்கிழமை காலமை தொலைபேசியைக் கையில் எடுத்தேன். பாங்குக்காரன் பார்த்துத் திருத்துவான் என்று நினைத்து வைத்துவிட்டேன். பாங்குக்காரன் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கார்ஜில் அவர்கள் வீட்டில் சாப்பாடு. பதிந்தாகிவிட்டதாம், கப்பல் வியாழக்கிழமைதான் கொழும்பை விடுமாம். இன்னும் நேரம் இருந்தது. இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று றயிலில் வரும்போதே முடிவெடுத்திருந்தேன். நண்டுக்குழம்பில் கை வைத்த நேரம் புவாலெம் வீடியோவில் வந்தார். ஐங்கரன் தொலைபேசியை என் பக்கம் திருப்பினான்.

"இவர்தான் என் அண்ணன். என் பேப்பர் எல்லாம் இவர்தான் பார்ப்பார்."

புவாலெம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ஆ! தேத்தண்ணி தராத மனிசர்!" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். தாட்சாயினி சிரித்தாள், ஐங்கரன் சிரித்தான், என் மனைவியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் நண்டின் காலைக் கடித்தேன். நீயும் உன் கொண்டெய்னரும் நாசமாய்ப் போங்கோ என்று மனதுக்குள் சொன்னேன். வியாழக்கிழமை கப்பல் வெளிக்கிட்டது.

தை மாதக் கடைசியில் ஐங்கரன் சவரம் செய்யாத முகத்தோடு கடைக்குள் வந்தான்.

"அண்ணை, பிடிச்சு வச்சிட்டாங்கள். பூவாம். பூவெண்டாப் பயிர்ப் பரிசோதனைப் பத்திரம் வேணுமாம். ஆரண்ணை பூ அனுப்பினது? நான் என்ன பூக்கடையே வச்சிருக்கிறன்?"

அவனுக்கு இன்னும் விளங்கவில்லை. என் வாயில் அந்த நாலு சொல்லும் நின்றன. நுவா து கொக்கோ ராப்பே. சொன்னால் எப்போது தெரியும் என்று கேட்பான்.

"விசாரிச்சுப் பாப்பம்," என்றேன்.

இனிக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். இனிக்கவில்லை. அடுத்த நாள் காலமை பீப்பாய் விலையைப் பார்க்கவும் மனம் வரவில்லை. நோன்புக்கு மூன்று கிழமை இருந்தது. பலகாரக் கடைக்காரர்கள் ஒவ்வொருவராகச் சரக்கு வேண்டாம் என்று சொல்லத் தொடங்கினார்கள். நாலாம் நாள் தாட்சாயினி எங்கள் வீட்டுக்கு வந்து இந்திராவின் தோளில் விழுந்து அழுதாள்.

"ரெண்டு நாளாச் சாப்பிடேல்லை அக்கா. சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறார். பழைய குசினியில கேட்டவர், அவையும் வேற ஆளை எடுத்திட்டினமாம்."

"என்ன பிழையாம்?"

"ஏதோ பேர் பிழையாம். தேங்காய்ப்பூவை ஃப்ளேர் எண்டு போட்டதாம். அப்பிடிப் போடக்கூடாதாம்."

நான் கதிரையில் பத்திரிகையை விரித்து வைத்திருந்தேன். ஒரு எழுத்தும் வாசிக்கவில்லை. இந்திரா என்னைப் பார்ப்பது பத்திரிகைக்கு ஊடாகவே தெரிந்தது. நான் அதைக் கீழே இறக்கவேயில்லை. அவள் தங்கச்சியின் தலையைத் தடவிக்கொண்டு, "சாப்பிட்டிட்டுப் போ" என்று மட்டும் சொன்னாள்.

பத்தாம் நாள் கொண்டெய்னர் வெளியே வந்தது. புவாலெம் ஒவ்வொரு நாளும் துறைமுகத்துக்குப் போயிருக்கிறார். கடைசியில் ஒரு பெரிய அதிகாரியை நேரே கூட்டிப்போய், ஒரு மூட்டையை அவிழ்த்து, கையில் அள்ளிக்கொடுத்து, "இது பூவா? மணந்து பாருங்கள்" என்றாராம். பத்திரத்தில் பெயரை மாற்றினார்கள். பாதி ஓடர் போய்விட்டது. மற்றப் பாதி தப்பியது.

அன்று பின்னேரம் தேத்தண்ணிக் கடையில் இருந்து ஐங்கரன் கைதட்டிக் கூப்பிட்டான். போனேன். பத்துப் பேராவது நின்றிருப்பார்கள். தவரத்தினம் எனக்கு இடம் விட்டு நகர்ந்தார். மெலிந்துபோயிருந்த ஐங்கரன் சிரித்துக்கொண்டே எல்லாக் கதையும் சொன்னான்.

"பிறகு புவாலெம் என்னைக் கேட்டவர், உன்ர பேப்பரை ஆர் பாத்தது எண்டு. அண்ணைதான் எண்டன். அதுக்கு அந்தாள் என்ன சொன்னவர் தெரியுமே? 'இருபது வருசம் யாவாரம் செய்யிற மனிசனுக்கு இது தெரியாமல் இருக்குமோ? அவருக்கு உன்னில எரிச்சல். தேத்தண்ணி தராத அண்டைக்கே நான் கண்டனான்' எண்டார்."

எனக்கு இரண்டு காதும் சுட்டது.

"எனக்கு வந்ததே ஒரு கோவம்!" ஐங்கரன் மேசையில் தட்டினான். "விசர்க்கதை கதைக்காதேங்கோ எண்டன். என்ர அண்ணை அப்பிடிப்பட்ட ஆளில்லை. அவருக்குத் தெரியாது. எனக்கு அந்தப் பேரைச் சொல்லித்தந்ததே அவர்தான். அவருக்கு அண்டையில இருந்து இண்டைவரைக்கும் அது ஃப்ளேர்தான் எண்டு நல்லாக் குடுத்தன். என்னண்ணை, நான் சொன்னது சரிதானே?"

பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள். தெரியும் என்றால் நான் என் சகலனின் சோற்றில் மண்ணைப் போட்டவன். தெரியாது என்றால் இருபத்திரண்டு வருடமாகத் தேங்காய் விற்கிறவனுக்குத் தேங்காய்க்குப் பிரெஞ்சு தெரியாது. ஐங்கரனின் முகத்தைப் பார்த்தேன். ஒரு சந்தேகமும் இல்லை. படுபாவி, ஒரு துளி சந்தேகமாவது பட்டிருக்கக் கூடாதா?

"ஓம்," என்றேன். "எனக்குத் தெரியாது."

"வாமண்ணைக்கே தெரியாதாமடா!" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். ஐங்கரன் என் தோளில் கை போட்டு எனக்கும் ஒரு தேத்தண்ணி சொன்னான். குடித்தேன். ஒரு கிழமைக்குள் எனக்கு லாச்சப்பல் முழுக்கப் புதுப் பெயர் வந்துவிட்டது. 'ஃப்ளேர் வாமதேவன்'. முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். கடையை விட்டு வெளியே போன பிறகு சிரிப்பது கேட்கும்.

பீப்பாய் விலை அறுபதுக்குக் கீழே போகவேயில்லை. செயலியைத் தொலைபேசியில் இருந்து அழித்துவிட்டேன். இந்திரா வீட்டிலும் கடையிலும் எப்போதும்போலத்தான் இருந்தாள். சாப்பாடு போட்டாள், மரக்கறி பிரித்தாள், கல்லாவில் நின்றாள். அந்த விசயத்தை மட்டும் தொடவில்லை.

போன வெள்ளிக்கிழமை தவரத்தினம் வந்தார். கையில் ஒரு மண்ணிற உறை. பிரெபெக்துர் முத்திரை எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. மூன்று கிழமையாக ஒருவரும் ஒரு கடிதமும் கொண்டுவரவில்லை. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கையை நீட்டினேன்.

அவர் உறையைப் பின்னால் இழுத்தார்.

"இல்லை வாமண்ணை, குறை நினைக்காதேங்கோ. இது என்ர விசாக் கடுதாசி. கொஞ்சம் பாரமான பிரெஞ்சு. ஐங்கரனிட்டக் காட்டுவம் எண்டு... எனக்கு ஒரு பை அரிசிமா தாங்கோ."

எனக்குக் கால் விரலில் இருந்து கோபம் ஏறியது. "ஐங்கரனிட்டயோ? அவன்ர குசினிப் பிரெஞ்சோ உமக்கு விசா எடுத்துத் தரப்போகுது? எனக்குத் தெரியாதெண்டு ஆர் சொன்னது? எனக்கு அண்டைக்கே..."

பின்பக்கத்தில் இருந்து இந்திரா வந்தாள். அரிசிமாப் பையை மேசையில் வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள்.

"என்ன, அண்டைக்கே?" என்று கேட்டாள்.

தவரத்தினம் என்னைப் பார்த்தார். இந்திராவும் என்னைப் பார்த்தாள். பழைய லேபலுக்கு மேல் புது லேபல் ஒட்டிய அதே விரல்களால் மேசையில் சிந்தியிருந்த மாவைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தாட்சா என்னைக் கேட்டவள்," என்றாள். "அவருக்குத் தெரியாதெண்டு பிள்ளையாருக்கு முன்னால சத்தியம் பண்ணிக் குடுத்தனான். இஞ்சருங்கோ, உங்களுக்கு அண்டைக்கு அது தெரியுமே?"

நான் கண்ணாடியைக் கழற்றினேன்.

"தெரியாது," என்றேன். "எனக்கு அவ்வளவு பிரெஞ்சு வராது."

இந்திரா பின்பக்கம் போய்விட்டாள். தவரத்தினம் உறையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, ஐங்கரன் எத்தனை மணிக்குத் தேத்தண்ணிக் கடைக்கு வருவான் என்று என்னையே கேட்டார். நாலரைக்கு என்று சொன்னேன்.